அசைக்க முடியாத கல்லூரி கூடைப்பந்து அணியை மார்ச் போட்டியில் வீழ்த்த முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்கக் கல்லூரிகளின் என்சிஏஏ போட்டி நாக்-அவுட் முறை: ஒரே ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் தரநிலை (போட்டிக்கு முன்பே பலத்தைப் பார்த்துத் தரும் வரிசை எண்; 1 பலமானது, 16 கடைசி) அணி கோப்பைக்குத் தொடர்ந்து 6 ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 90% வாய்ப்பு இருந்தாலும், ஆறையும் வெல்லும் வாய்ப்பு 53%தான். வகுப்பின் முதல் மாணவன் பொதுத்தேர்வன்று காய்ச்சலோடு உட்காருவதில்லையா, அப்படித்தான்.

2018இல் 31 வெற்றி, 2 தோல்வியோடு வந்த முதல் தரநிலை வர்ஜீனியா பல்கலைக்கழக அணிக்கு எதிரே 16ஆம் தரநிலை யூஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி). இடைவேளையில் 21-21. அப்புறம் யூஎம்பிசியின் மூன்று புள்ளி வீச்சுகள் விழுந்துகொண்டே இருந்தன. வர்ஜீனியாவோ வேகத்தைக் குறைத்து ஆடும் அணி. பின்தங்கினால் விரட்டிப் பிடிப்பது கஷ்டம். முடிவு 74-54, யூஎம்பிசிக்கு வெற்றி.

இப்படித் தோற்றால் ‘வெறும் பில்டப் அணி’ என்பார்கள். அதே வர்ஜீனியாதான் 2019 சாம்பியன்.