வாப்பாவின் பிளாப்பியும் 737,280 பைட்டும்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மறைந்த வாப்பாவின் சங்கு வியாபாரக் கணக்கு 5.25 அங்குல பிளாப்பி ஒன்றில் இருக்கிறது. 360 கேபி வட்டு. சென்னை நண்பர் ஒருவர் ஐஎம்ஜி இமேஜாக (வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக) எடுத்து அனுப்பினார். எமுலேட்டரில் (பழைய கணினி போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) மாட்டினால் கோப்புப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் திறந்தால் எல்லாம் குப்பை. இமேஜ் அளவு 737,280 பைட். வட்டு போய்விட்டதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: அளவைக் குறிப்பிட்டு எழுதினீர்களே, பாதி வேலை முடிந்தது. 360 கேபி வட்டில் பக்கத்துக்கு 40 டிராக் (வட்டத் தடம்), இரண்டு பக்கம், டிராக்குக்கு 9 செக்டார் (தடத்தின் துண்டு), செக்டாருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள்: 368,640. உங்களிடம் இருப்பது அச்சுப் பிசகாமல் அதன் இரண்டு மடங்கு. நண்பர் 1.2 எம்பி டிரைவில் போட்டு எடுத்திருக்க வேண்டும். அதன் ஹெட் (வட்டைப் படிக்கும் முனை) 80 டிராக்குக்கு ஏற்றபடி சிற்றடி வைத்து நகரும். 40 டிராக் வட்டுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டடி நகரச் சொல்ல வேண்டும். டபுள் ஸ்டெப் என்பார்கள். சொல்லாவிட்டால், 1ஆம் டிராக் இருக்க வேண்டிய இடத்தில் 0ஆம் டிராக்கின் நகலோ வெறும் குப்பையோ வந்து உட்காரும்.

பெயர்கள் மட்டும் எப்படிச் சரியாக வந்தன? பெயர்ப் பட்டியல் முழுக்க 0ஆம் டிராக்குக்குள்ளேயே அடங்கிவிடும். கணக்கு அதைத் தாண்டி இருக்கிறது.

எமுலேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஐஎம்ஜி கோப்பில் ‘நான் இன்ன வட்டு’ என்று சொல்லும் தலைப்பே கிடையாது. பல எமுலேட்டர்கள் கோப்பின் நீளத்தை வைத்துத்தான் ஊகிக்கின்றன. 737,280 என்றால் 3.5 அங்குல 720 கேபி வட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

நண்பரிடம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கிரீஸ்வீசல் மாதிரிக் கருவி இருந்தால் முதலில் எஸ்சிபி கோப்பாக எடுக்கட்டும். அதில் செக்டாருக்குப் பதில் காந்தத் துடிப்புகளே பதிவாகும். பிறகு டிராக் கணக்கில் எத்தனை முறை சறுக்கினாலும் வட்டைத் தொடாமல் கோப்பிலிருந்தே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன் வட்டின் நடு ஓட்டையில் விரல் வைத்து மெல்லச் சுற்றி, நீள்வட்டத் திறப்பு வழியாகப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பூத்திருந்தால் வெள்ளைப் புள்ளி தெரியும். அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டும் கெடும், வட்டும் கீறும். அரண்மனைப் பக்கம் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியபோது, பிளாப்பியை பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அதற்கு மட்டும் மருந்தில்லை.

இன்னொன்று: டிபேஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரே நீளத்தில், பெரும்பாலும் சாதாரண எழுத்தாகவே இருக்கும். கோப்பில் பாதிதான் தேறினாலும் ஹெக்ஸ் பார்வையில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருளில்) பெயரும் தொகையும் படிக்கலாம்.

கேள்வி: ஓர் எமுலேட்டர் திட்டத்தில் நிரல் எழுதுகிறேன். யாருமே தொடாத பிளாப்பி பகுதியைத் தூக்கிவிடலாமே?
– மாணவர், மண்டபம்

பதில்: உங்கள் கை பரபரப்பதற்குக் காரணம் உண்டு, தம்பி. 2015இல் வெளிப்பட்ட ‘வெனம்’ என்ற பாதுகாப்பு ஓட்டை, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மெய்நிகராக ஓட்டும் கியூஇஎம்யூ மென்பொருளின் பிளாப்பி கன்ட்ரோலரில்தான் (டிரைவை இயக்கும் பகுதியில்தான்) இருந்தது. 2004 முதல் அங்கேயே கிடந்திருக்கிறது. மெய்நிகர் கணினிக்குள் இருப்பவர் அதன் வழியே வெளியே, அதைத் தாங்கும் நிஜக் கணினிக்கே வரக்கூடிய அளவு மோசமான ஓட்டை. பிளாப்பியே மாட்டாதவர்களுக்கும் அந்த ஆபத்து இருந்தது. கன்ட்ரோலர் தானாகவே சேர்ந்து வந்ததால்.

ஆனாலும் தூக்காதீர்கள். கேட்டால் மட்டும் இயங்கும்படி வையுங்கள். இமேஜுக்குள் எழுதியிருக்கும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். டிராக் 200 என்று சொன்னால் கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டு மறுத்துவிடுங்கள். டெலிடிஸ்க் என்ற பழைய வட்டு நகலெடுக்கும் மென்பொருளின் டிடி0 போன்ற இமேஜ் வடிவங்களில் கை வைக்குமுன் ரெண்டு தடவை யோசியுங்கள். டெலிடிஸ்க் செய்தவர்கள் அதன் உள்ளமைப்பை வெளியிடவில்லை, ஆர்வலர்கள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. படிக்கும் வசதி இருக்கட்டும், எழுதும் வசதியை எடுத்துவிடலாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சின்ன மாதிரி இமேஜைச் சோதனையில் சேர்த்துவிட்டால், அடுத்து நிரலை மாற்றுகிறவர் எதை உடைத்தார் என்று அன்றே தெரிந்துவிடும். கீழக்கரைக்காரர் மாதிரி ஆள் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கினால் போதுமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நல்ல நிலையில் உள்ள 3.5 அங்குல டாஸ் வட்டு என்றால் போதும். அமிகா என்ற பழைய கணினியின் வட்டை அது படிக்காது. 5.25 அங்குல வட்டு உள்ளேயே போகாது.