மேனேஜரிடம் கொடுத்த பணமும் மறுக்கப்பட்ட அங்கீகாரமும்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை அருகே ஓர் எய்டட் எல்.பி. பள்ளியில் (அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில்) தமிழ் வழி ஆசிரியையாக இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 36, கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறியவள். நியமனத்துக்காக நகைகளை விற்று, பள்ளியை நடத்தும் மேனேஜரிடம் 12 லட்சம் ரூபாய் கொடுத்தோம். பணியிடமே இல்லை என்று ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) நியமனத்துக்கான அங்கீகாரத்தை மறுத்துவிட்டார். சம்பளமும் இல்லை. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, மேனேஜரின் அலட்சியம் வழக்குக்கு உதவாது. ஏ.இ.ஓ. எழுதிய காரணம்தான் முக்கியம். தகுதிக் குறை என்றால் சரிசெய்ய வழி தேடலாம். பணியிடம் இல்லை என்றால், பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் எடுக்கும் கணக்கில் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மட்டுமே மேல்முறையீட்டில் டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) பார்ப்பார்.

புகார் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி, லஞ்சம் கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தின் பொறுப்பாளரும் அச்சட்டத்தில் பொது ஊழியரே. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. 'நன்கொடை' என்று பெயர் வைத்தாலும் வேலைக்காகக் கொடுத்த பணம் அதுதான். உங்கள் புகாரே உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

சிவில் வழக்கும் எளிதல்ல. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அரசு வேலை வாங்கித் தருவதற்காக 1,000 ரூபாய் பேசிக்கொண்ட ஒப்பந்தத்தையே செல்லாததற்கு உதாரணமாகக் காட்டுகிறது. என்னிடம் வருபவர்களில் பலர் சறுக்குவது காசோலையில்தான். மேனேஜர் நீட்டும் காசோலையை நம்பிக் காத்திருப்பார்கள், அது திரும்பிவிடும். செக் மோசடி வழக்குப் போட்டால், 'இது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனே அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்கு நீதிமன்றம் காது கொடுக்கும்.

ஆகவே சமரசம் பேசுங்கள். இரு தரப்பும் மதிக்கும் பெரியவர் ஒருவரை உட்கார வையுங்கள். முழுத்தொகையும் வராது, மூன்றில் இரண்டு பங்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை ராஜினாமா கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். மனம் பொறுக்காமல் வழக்குத்தான் என்று நின்றால், சேமிப்பில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்பதே என் பயம்.

கே-டெட் விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. அரசுப் பள்ளி வேலை பி.எஸ்.சி. (கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக வர வேண்டும். தமிழ் வழி எல்.பி. ஆசிரியர் பணிக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 40. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. உங்களுக்கு இருப்பது நான்கு ஆண்டு. படிப்பை இந்த வாரமே தொடங்குங்கள்.