துக்கமும் பயமும் நம்மிடம் தங்கிவிட்டதா? பெருந்தொற்றுக்குப் பின் மனநலம் – கேள்வி பதில்

கடலூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். கொரோனா காலம் மனதில் விட்டுப்போனதைப் பற்றி வந்த கேள்விகளில் மூன்றுக்கு இங்கே பதில்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண்: 2021 மே மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். உறையில் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் செல்போன் நம்பருக்கு இன்றும் ரீசார்ஜ் செய்கிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லவே இல்லைம்மா. நம் பக்கம் சாவு விழுந்தால் ஊரே கூடும், ஒப்பாரி வைப்போம், பதினாறாம் நாள் காரியம் வரை அழுது தீர்ப்போம். உங்களுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அழ வேண்டிய அழுகை உள்ளேயே நிற்கிறது. சோறு இறங்குகிறதா, தூங்குகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா என்று பாருங்கள். இறந்து ஆறு மாதம் தாண்டியும் துக்கம் அன்றாடத்தையே முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பேச்சு சிகிச்சையில் அது தணியும்.

விட்டுப்போனதை இப்போதும் செய்யலாம். பங்காளிகளைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள். அவர் கதையை எல்லோரும் சொல்லட்டும், நீங்கள் வாய்விட்டு அழுங்கள். ரீசார்ஜை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது தானாக நிற்கும் நாள் வரும்.

பண்ருட்டியிலிருந்து ஒருவர்: சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கினேன். 2020 மே மாதம் ஊர் திரும்பியதும் தெருவே ஒதுக்கியது. இப்போதும் கூட்டத்தைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. இசிஜி சரியாக இருக்கிறது.

அண்ணே, அப்போது கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களால்தான் நம் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை ஏறியது என்று எல்லோரும் பேசினார்கள். பிழைக்கப் போனவர் மேல் பழி விழுந்தது, அது பெரிய அநியாயம். இந்தப் படபடப்பு உங்களுக்கு மட்டுமில்லை. 2020-இல் மட்டும் உலகம் முழுக்க பதற்றக் கோளாறு கூடுதலாக 7.6 கோடிப் பேருக்கும், மனச்சோர்வு 5.3 கோடிப் பேருக்கும் வந்ததாக 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். அதனால் கூட்டம் குறைந்த நேரத்தில் சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். படபடப்பு ஏறும், அப்புறம் இறங்கும். இறங்கும் வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள். தைராய்டு கோளாறாலும் படபடப்பு வரலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிடவா?

வேண்டாம் டீச்சர். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நன்றாக ஆனபிறகும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், துணைக்கு ஒருவரோடு. ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.