கல்லாகும் கரடி பொம்மையும் கண் தெரியாத ஜாக்கும்

அன்புள்ள சார்,

மகன் லீட்ஸில் வேலை பார்க்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் கணவரும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறோம். லண்டன் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை நேர்ஸ்பரோ என்ற ஊருக்குப் போகலாம் என்கிறான். அங்கே மதர் ஷிப்டன் என்ற கிழவி பிறந்த குகை இருக்கிறதாம். ரயில், இன்டர்நெட் எல்லாம் வரும் என்று ஐந்நூறு வருடத்துக்கு முன்பே பாட்டாகச் சொல்லிவிட்டாளாம். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் அந்தப் பாட்டு வந்தது. நிஜமா? இவருக்கு முழங்கால் வலி வேறு. ஒரு குகைக்காக இவரை இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? நீங்கள் யார்க்‌ஷயரில் கொஞ்ச காலம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

கே.ஆர்., மதுரை (இப்போது லீட்ஸ்)

அன்புள்ள அம்மா,

தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். அந்தப் பாட்டை நம்பி மட்டும் போகாதீர்கள்.

குதிரை இல்லாமல் வண்டி ஓடும், கண் இமைக்கும் நேரத்தில் எண்ணங்கள் உலகைச் சுற்றும் என்கிற வரிகளெல்லாம் 1862-ல் சார்லஸ் ஹிண்ட்லி என்பவர் போட்ட பதிப்பில் வந்தவை. ரயிலும் தந்தியும் வந்த பிறகு எழுதினால் பலிக்காமல் என்ன செய்யும்? நான்தான் எழுதிச் சேர்த்தேன் என்று 1873-ல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதே பாட்டில் 1881-ல் உலகம் அழியும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வருடம் பிறந்தபோது பயந்து நடுங்கியவர்கள் உண்டு. ஹிண்ட்லி ஒப்புக்கொண்ட சேதி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் குடும்பக் குழுவுக்கும்தான்.

அந்தக் கிழவி 1488-ல் பிறந்து 1561-ல் இறந்தாள் என்பார்கள். அவள் பெயரில் அச்சான முதல் துண்டுப்பிரசுரம் 1641-ல்தான் வருகிறது. அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகம். ஆனாலும் 1666-ல் லண்டன் தீப்பிடித்து எரிந்த சேதி கேட்டு, ஷிப்டன் சொன்னது பலித்துவிட்டது என்று இளவரசர் ரூபர்ட் சொன்னதாக, அந்தக் காலத்து லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு அந்துப்பூச்சிக்கு இவள் பெயர். இறக்கையில் வளைந்த மூக்கும் துருத்திய முகவாயுமாக ஒரு கிழவி முகம் தெரியும்.

குகையை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊற்றின் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். வழவழப்பான பாறை முகட்டிலிருந்து தண்ணீர் திரையாக வழிகிறது. முகட்டின் கீழே கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி, கரடி பொம்மைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீரில் தாதுச்சத்து மிக அதிகம். வெந்நீர் போடும் பாத்திரத்தில் உப்பு படிகிறதே, அதே சங்கதிதான். நீர் ஆவியாக ஆவியாக, பொம்மையின் மேல் ஓடு கட்டுகிறது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் பொம்மை கல். நான் போனபோது ஒன்றுக்குக் காதும் மூக்கும் கல்லாகிவிட்டிருந்தன, வயிற்றில் மட்டும் இன்னும் பழுப்பு ரோமம் தெரிந்தது. ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரி ராணியின் செருப்பு, அகதா கிறிஸ்டியின் கைப்பை என்று பெரிய மனிதர்கள் கொடுத்துக் கல்லான சாமான்களும் காட்சிக்கு இருக்கின்றன. 1630 முதல் இங்கே காசு வாங்கிக்கொண்டு காட்டுவதாகச் சொல்கிறார்கள், இங்கிலாந்தின் மிகப் பழைய சுற்றுலாத் தலம் என்பது அவர்கள் விளம்பரம்.

ஊரில் எனக்குப் பிடித்த ஆள் வேறு. ஜான் மெட்காஃப், 1717-ல் அங்கே பிறந்தவர், ஊர்க்காரர்களுக்கு ‘பிளைண்ட் ஜாக்’. ஆறு வயதில் பெரியம்மை கண்களைப் பறித்துக்கொண்டது. பிடில் வாசித்துப் பிழைத்தார், குதிரை ஏறினார், நிட் ஆற்றில் நீந்தினார். காதலித்த பெண்ணுக்கு வேறு ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகி, முதல்நாள் இரவு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போனார். ஒருமுறை லண்டனிலிருந்து திரும்பும்போது, கர்னல் ஒருவர் தன் கோச்சு வண்டியில் இடம் தருகிறேன் என்றாராம். வேண்டாம், நடந்தே உங்களுக்கு முன் போய்விடுவேன் என்றார் ஜாக். 300 கிலோமீட்டருக்கு மேல். போயும்விட்டார். அவர் வேகமாக நடந்தார் என்பது ஒரு பக்கம், சாலைகளின் லட்சணம் அப்படி என்பது இன்னொரு பக்கம்.

அந்தச் சாலைகளைப் போடும் வேலையே பிற்பாடு அவரிடம் வந்தது. 1765-ல் மூன்று மைலில் தொடங்கி, மொத்தம் சுமார் 180 மைல் போட்டார். கையில் நீளக் கோல், அதைக் குத்திப் பார்த்தே மண்ணை எடைபோடுவார். சதுப்பு நிலம் வந்தால் மற்றவர்கள் கையை விரிப்பார்கள். இவர் புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாகப் பரப்பி, தெப்பம் மாதிரி மிதக்கவிட்டு, அதன் மேல் கல்லைக் கொட்டினார். சாலை அமுங்கவில்லை. 1810-ல் இறக்கும்போது அவருக்கு வயது 92. மனிதர் இப்படி வாழ்ந்த ஊரில் ஒரு குகையைக் காட்டி டிக்கெட் விற்கிறார்களே என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை போனால் கட்டில் பந்தயம் பார்க்கலாம். 1966 முதல் நடக்கிறது. ஆறு பேர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓட, மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் கட்டிலோடு ஆற்றில் நீந்திக் கரையேற வேண்டும். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். தர்மகாரியத்துக்கு நிதி திரட்டத்தான் என்பார்கள்.

சரி, முழங்கால். கோட்டையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகள் அதிகம், அவரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். குளிர்காலத்தில் குகை மூடியிருக்கும், மகனை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். ஹாரோகேட் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில் ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே படகுகளும் எதிரே இடிந்த கோட்டையும் தெரியும். 1848-ல் கட்டி முடியப்போகிற நேரத்தில் இடிந்து ஆற்றில் விழுந்து, மறுபடி கட்டி 1851-ல் திறந்த பாலம் அது. இப்போது பத்திரமாகத்தான் இருக்கிறது.

அப்புறம், சந்தைச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. வெண்கலத்தில் ஜாக் உட்கார்ந்திருப்பார், கையில் தூரம் அளக்கும் சக்கரம். பக்கத்தில் இடம் இருக்கும். நீங்களும் மகனும் குகையைப் பார்த்து வரும் வரை உங்கள் வீட்டுக்காரரை அங்கே உட்காரவையுங்கள்.