நிப்புக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, சாத்தூரில் நாங்கள் சிலர் கூடிக் கதை வாசித்த நிப்புக் கொட்டகையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. ஊறுகாய்க்குப் பதம் கேட்டவர்களும், பிள்ளைக்கு எந்தக் குரூப் எடுக்கலாம் என்று கேட்டவர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், எங்கள் ஊரில் பதினான்கு பேர் சேர்ந்து எழுத்தாளர் மன்றம் தொடங்கியிருக்கிறோம். தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்வாகிவிட்டது. ரப்பர் ஸ்டாம்ப்பும் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்யலாம்?
– வாசகர், அருப்புக்கோட்டை

யாராவது எழுதலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குத் தலைவர் கிடையாது, அதனால் பொறாமையில் சொல்கிறேன். சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் இந்த ஊர்தான். வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து நிப்பு வேலை நடக்கும். அப்படி ஒரு கொட்டகை வைத்திருந்தவருக்கு வெண்பாப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது என்பதால் 1983இல் எங்களை அங்கே உட்கார வைத்தார். ஒன்பது பேர். அதில் நான் ஒருத்திதான் பெண். உட்காரக் கோணிச் சாக்கு. எழுந்திருக்கும்போது சேலையில் எண்ணெய்க் கறை இருக்கும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக்கொண்டு வந்தால் உள்ளே விடமாட்டார். வியாபார விரோதம்.

அவர் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. வாசித்து முடித்த ஆள் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. ‘நான் என்ன சொல்ல வந்தேன்னா’ என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று, கேட்டவர்களில் யாராவது ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் நாலணா அபராதம். எந்த இடம் நல்லா இருக்கு என்று காட்டிவிட்டால் அபராதம் இல்லை. அபராதக் காசில் டீயும் சேவும் வரும். ஆரம்பத்தில் நிறையச் சேவு தின்றோம். போகப்போக டீ மட்டும்தான்.

என் முதல் கதையைச் சொல்கிறேன். சாவு வீட்டுக் கதை. பெரியவர் செத்துக் கிடக்கிறார், மகன்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொத்துத் தகராறு பேசுகிறார்கள். வாசித்து முடித்ததும் எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் கொட்டகைக்காரர் மெதுவாகக் கேட்டார்: “சாவு வீட்டில அடுப்பு எரியாதே டீச்சர், காபி எந்த வீட்டுல இருந்து வந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. பேசவும் கூடாது. மூன்று வாரம் அந்தக் கேள்வியோடு அலைந்தேன். கடைசியில் காபி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தேன். சாக்கடைத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடு. அந்த அம்மாள் தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்கிறாள், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை. கதை அவளுடையதாகிவிட்டது. மகன்கள் திண்ணையோடு சரி.

உங்கள் பதினான்கு பேரில் இப்படி ஒரு கேள்வி கேட்கிற ஆள் ஒருவர் இருந்தால் போதும். பதவி எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

கோவில்பட்டியைச் சுற்றி மட்டும் ஏன் இத்தனை எழுத்தாளர்கள்? தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், தஞ்சாவூர்

காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கரிசல்காட்டைப் பார்த்துத் தண்ணீர் என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். 1923 செப்டம்பரில் ஒரே வாரத்து இடைவெளியில் அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், இன்னொருவர் கு. அழகிரிசாமி. உலகத்தின் மிகச் சிறிய எழுத்தாளர் குழு என்றால் இவர்கள் இருவரையும்தான் சொல்வேன். படிப்பு, பாட்டு, வம்பு எல்லாமே சேர்ந்துதான். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போன பிறகு அந்தப் பேச்சு கடிதங்களாக ஓடியது. கி.ரா.வுக்கு அவர் எழுதியவை பிறகு புத்தகமாகவே வந்தன. மலேயாவில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக இருந்தபோதும் மனிதர் சும்மா இருக்கவில்லை, அங்கிருந்த இளைஞர்களைச் சேர்த்து இலக்கிய வட்டம் நடத்தினார். கிராமத்து ஆலமரத்தடியை மூட்டை கட்டிக் கப்பலில் கொண்டுபோன மாதிரி எனக்குத் தோன்றும். அழகிரிசாமி 1970இல் காலமானார். அந்த ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுதிக்கு வந்தது. கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்காக.

அடுத்த தலைமுறைக்கு இடம் கோவில்பட்டி காந்தி மைதானம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அங்கே மாலையில் கூடியவர்களின் உத்தியோகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கவிஞர் தேவதச்சன் நகைக்கடைக்காரர். ச. தமிழ்ச்செல்வன் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் தபால் துறைக்கு வந்தவர். உதயசங்கர் ரயில்வே, நாறும்பூநாதன் வங்கி. கௌரிஷங்கர், சமயவேல், கோணங்கி என்று இன்னும் பட்டியல் நீளும். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு எழுத வந்த கூட்டமில்லை அது. அவர்கள் பேசிக் கலைந்த நேரம் நடுராத்திரி தாண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்திலிருந்தே பிறகு பூமணி ‘அஞ்ஞாடி’க்காக 2014இலும், சோ. தர்மன் ‘சூல்’ நாவலுக்காக 2019இலும் சாகித்ய அகாதெமி வாங்கினார்கள். உதயசங்கருக்கு 2023இல் ‘ஆதனின் பொம்மை’க்காகப் பால சாகித்ய விருது. மானாவாரியில் இவ்வளவு விளைச்சல் என்றால் மழையைப் பார்த்தா சொல்வது? உழுத ஆட்களைப் பாருங்கள்.

ஒரே குழுவில் இருந்தால் எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிட மாட்டார்களா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நல்ல பயம்தான். ஆனால் மேலே சொன்ன பெயர்களையே எடுத்துக்கொள். தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் கூடப்பிறந்தவர்கள், நாடகப் பாட்டுகள் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன்கள். ஒரே வீட்டுச் சோறு. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அதுதான் 2008இல் ‘பூ’ என்ற படமானது. தம்பி கோணங்கியின் எழுத்தை நான் மூன்று தடவை படிப்பேன், நாலாவது தடவை ஏதோ பிடிபடுகிற மாதிரி இருக்கும், அதற்குள் ஸ்டாப் வந்துவிடும். சோ. தர்மனுக்குப் பூமணி மாமா முறை. அங்கேயும் நடை வேறு வேறு.

ஒரே குரலில் பாட வேண்டும் என்று கொடி பிடித்துக் கிளம்புகிற குழுக்களும் உண்டு. அதிலும் வேகம் இருக்கும். ஆனால் பத்து வருஷம் கழித்துத் தொகுப்பைத் திறந்தால் எந்தப் பக்கம் யாருடையது என்று பெயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நானும் அப்படிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறேன்.

எங்கள் குழு சார்பில் சிறுகதைப் போட்டி வைத்துப் பரிசு தரலாமா?
– வாசகர், ராஜபாளையம்

தரலாம். ஆனால் சென்னை ‘இலக்கியச் சிந்தனை’ செய்ததை ஒருமுறை யோசியுங்கள். 1970இல் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் ‘கதை அனுப்புங்கள்’ என்று யாரையும் கேட்கவில்லை. அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் உட்கார்ந்து படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தில் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். இப்படி வருஷத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டில் சிறந்தது எது என்று கடைசியில் இன்னொருவர் சொல்வார். அவை வானதி பதிப்பகம் வழியாக ஆண்டுதோறும் தொகுப்பாக வந்தன. ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து எழுதியவனுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தன் கதையைப் படித்துவிட்டு மேடையில் பேசினார் என்று செய்தி வரும். பரிசுத்தொகை எவ்வளவு என்று அப்போது யார் கேட்பார்கள்?

அதைப் பார்த்து நாங்களும் ஒரு சில்லறை வேலை செய்தோம். மாதம் ஒருவர் கையில் கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் படிக்க வேண்டும். பிடித்த கதையை எழுதியவருக்கு, பிடித்த இடத்தைக் குறிப்பிட்டு அஞ்சலட்டை போட வேண்டும். அட்டை பதினைந்து பைசா. நாலு வருஷம் போட்டோம். பதில் எழுதியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர், நாங்கள் பாராட்டிய வரி தான் எழுதியதே இல்லை, பத்திரிகை ஆபீஸில் யாரோ சேர்த்தது என்று எழுதியிருந்தார்.

எங்கள் கதைகளும் இலக்கியச் சிந்தனைப் பட்டியலில் வருமா என்று வருஷா வருஷம் பார்ப்போம். வரவில்லை. அதற்கு முதலில் கதை எதிலாவது பிரசுரமாக வேண்டுமே.

குழுவாகச் சேர்ந்து புத்தகம் போட்டால் விற்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

விற்காது. உங்கள் ஊரிலேயே 1971இல் ‘வானம்பாடி’க் கவிஞர்கள் இதைப் புரிந்துகொண்டு, ‘விலையிலாக் கவிமடல்’ என்று சொல்லி இதழை இலவசமாகவே கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த சிற்பி, மேத்தா, புவியரசு எல்லோரும் பின்னாளில் அகாதெமி விருது பெற்றவர்கள்.

சென்னையில் 1968இல் சா. கந்தசாமி, க்ரியா ராமகிருஷ்ணன், நா. கிருஷ்ணமூர்த்தி, ம. ராஜாராம் என்று நான்கு பேர் சேர்ந்து ‘கோணல்கள்’ போட்டார்கள். எத்தனை விற்றது என்பதைவிட, அந்தச் சகவாசம் 1970இல் ‘கசடதபற’ இதழில் கொண்டுபோய் விட்டது என்பதுதான் விஷயம்.

நாங்கள் 1996இல் ஐந்நூறு பிரதி போட்டோம். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற இடத்தில் அட்டை அடித்தோம், அதனால் எங்கள் தொகுப்பின் அட்டையில் அப்படியொரு பளபளப்பு. முந்நூறு பிரதி ஆளுக்கொரு கட்டாகக் கட்டிலுக்கு அடியில் போனது. ஐந்து வருஷம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான் மொய். ஒரு மாப்பிள்ளை வீட்டார் தீப்பெட்டிக் கம்பெனி காலண்டர் என்று நினைத்துப் பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டார்கள்.

அம்மா, எங்கள் ஊரில் கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. முடிய எட்டாகிவிடும். வீட்டில் விடுவதில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகி, சிவகாசி

சமாளிக்கவில்லை, முதல் நாலு வருஷம் பாதியில் எழுந்து ஓடினேன். என் வீடு ஊருக்கு வெளியே, வைப்பாற்றுப் பாலம் தாண்டி. ஆறே முக்கால் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்கு. என் கதை கடைசியில் வந்தால், நான் வாசித்துவிட்டு ஓடிவிடுவேன், அவர்கள் பேசுவது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கதையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ‘இன்றைக்கு எழுதவில்லை’ என்று பொய் சொன்னேன். ஓடிப்போய் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் கேட்டுவிட்டேன், கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்ற முடியுமா என்று. எட்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஞாயிறு காலை என்றால் கறி எடுக்கப் போக வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். ‘புரட்சி’ என்று தலைப்பு வைத்துக் கவிதை எழுதிய ஒரு தம்பிதான் அதிகமாக எதிர்த்தான். கொட்டகைக்காரர் கடைசியில் ஒன்று சொன்னார்: “கறியை டீச்சர் வீட்டு ஆளுக எடுத்து நமக்குக் கொடுத்து விடட்டும், நாம வந்துருவோம்.” சிரித்துக்கொண்டே பத்து மணிக்கு மாற்றினார்கள். மறு வருஷம் இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி நிப்பு வேலை செய்தவள், அதே கொட்டகையில் வாரம் ஆறு நாளும் உட்கார்ந்திருந்தவள். நாங்கள் வாசிப்பதை வாசலோரம் நின்று கேட்டிருக்கிறாள், ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும்தான்.

ஆகவே நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முகத்தைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வாட்ஸ்அப்பில் குழு வைத்தால் போதாதா?
– வாசகர், சென்னை

கட்டைவிரல் படத்துக்கு நாலணா அபராதம் வசூலிக்க முடியுமானால் போதும்.

அந்த நிப்புக் கொட்டகை இப்போது இருக்கிறதா?
– பல வாசகர்கள்

கொட்டகை இருக்கிறது, நிப்பு இல்லை. பால்பாயிண்ட் ஜெயித்துவிட்டது. இப்போது அங்கே பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள், கல்யாண வாடகைக்கு. வெண்பாக்காரர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒன்பது பேரில் மிஞ்சியது மூவர். கூட அந்த நிப்பு வேலைக்காரி, அவளுடைய பேத்தி. கூட்டம் இப்போது என் வீட்டுத் திண்ணையில், அதே பத்து மணிக்கு.

போன வாரம் பேத்தி செல்போனைப் பார்த்து ஒரு கதை வாசித்தாள். பேருந்து நிலையத்தில் ஒரு பெண் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள், காலையில் முதல் பஸ் ஏறுகிறாள். நடை அருமை. ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதற்குள் பாட்டிக்காரி கேட்டாள்: “ராத்திரி பூரா இருந்தவ ஒண்ணுக்கு எங்கடி போனா?”

பேத்தி வாயைத் திறக்கப் போனாள். மூன்று பேரும் சேர்ந்து கையைக் காட்டி உட்கார வைத்தோம்.