முழங்கால் உட்புறம் திரும்பியிருக்கும் மகளுக்கு அறுவை சிகிச்சை தேவையா?

மண்டபத்துச் சகோதரருக்கு,

13 வயது மகளின் முழங்கால்கள் உட்புறம் திரும்பி, கடற்கரை மணலில் நடந்தாலே வலிக்கிறது, தொடை எலும்பை வெட்டித் திருப்பச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வயதுப் பிள்ளையென்றால் பொறுங்கள் என்பேன். முழங்காலை உட்புறம் திருப்புவது தொடை எலும்பின் முறுக்கு. பிறக்கும்போது சுமார் 40 டிகிரி இருக்கும் அது, வளர வளர 15 அளவுக்குக் குறையும். 13 வயதில் அது தானாகச் சரியாவது அரிது. தனிக் காலணி எலும்பைத் திருப்பாது. (எங்கள் பாம்பனில் எண்ணெய் தேய்த்தே நிமிர்த்துவேன் என்பவர்களும் உண்டு!)

சி.டி. ஸ்கேனில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் தனித்தனியே அளந்தார்களா? தொடை உள்ளேயும் கீழ்க்கால் வெளியேயும் முறுகியிருந்தால் பாதம் நேராகத் தெரிந்து ஏமாற்றும். தொடையை மட்டும் திருப்பினால் பாதம் வெளியே போய்விடும். இதைக் கேட்காமல் தேதி வாங்காதீர்கள். வெட்டிய இடத்தைத் தகடோ கம்பியோ பிடித்திருக்கும். வெட்டிய எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் ஆகலாம். மருத்துவர் சொல்லும்வரை மணலில் இறங்க விடாதீர்கள்.