'லார்ட்', 'லேடி' என்ற ஆங்கிலச் சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள்?

பிரபு, சீமாட்டி என்பது இன்றைய பொருள். ஆனால் பிறந்த இடம் அரண்மனை இல்லை, அடுப்படி.

பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு 'ஹ்லாஃப்' என்று பெயர். இன்றைய 'லோஃப்' அதுதான். 'வெயார்ட்' என்றால் காவலன். இரண்டும் சேர்ந்த 'ஹ்லாஃப்வெயார்ட்', அதாவது ரொட்டியைக் காப்பவன், தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆனது. 'லேடி'யின் மூலச் சொல் 'ஹ்லாஃப்டியெ'. இதன் பின்பாதி மாவு பிசைபவள் என்று பொருள்படும். பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லும் அதே வேர்தான்.

ஏன் ரொட்டி? அந்தக் காலத்தில் தானியக் கிடங்கு யார் கையில் இருந்ததோ அவரே வீட்டுக்குத் தலைவர். அவரை அண்டிப் பிழைத்தவனுக்கும் ஒரு பெயர் உண்டு: 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன். அன்று இங்கிலாந்தில் தனி நாடாக இருந்த கென்ட்டின் அரசர் எத்தல்பெர்ட்டின் சட்டத்திலேயே இந்தச் சொல் வருகிறது. ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு தர வேண்டும். காப்பவன், பிசைபவள், தின்பவன் என ஒரு வீடே இந்த மூன்று சொற்களில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, இவ்வளவு நீளமான சொல் எப்படிச் சுருங்கியது? 'வந்துகொண்டிருக்கிறேன்' நம் வாயில் 'வந்துட்டிருக்கேன்' ஆகிறதே, அப்படித்தான்.

அப்புறம், இங்கே நான் சொன்ன பழைய ஆங்கிலம் ஷேக்ஸ்பியரின் மொழி இல்லை, பலர் அதைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அவர் பிறந்தது 1564இல். பழைய ஆங்கிலம் சுமார் 1150உடன் முடிந்துவிட்டது.